மேசைக்கு அடியில்

1991இல் என் மகளுக்கு மூன்று வயது. மாமியார் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. நான் வேலை பார்த்த கிளை நூலகத்துக்கே தூக்கிக்கொண்டு போவேன். என் மேசைக்கு அடியில் ஒரு பழைய துண்டை விரித்து உட்கார வைப்பேன். கழிவுக்கு என்று ஒதுக்கி வைத்த, அட்டை போன அம்புலிமாமா இரண்டும் கோகுலம் ஒன்றும் அவளுக்கு. "சத்தம் வரக் கூடாது, என்ன?" என்று உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுவேன். அவளும் விரலை வைத்துக்கொண்டு தலையாட்டுவாள்.

ஒருநாள் மேசைக்கு அடியிலிருந்து மெல்லிய குரலில் பாட்டு கேட்டது. குனிந்து பார்த்தேன். அம்புலிமாமா படத்தில் இருந்த நிலாவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நிலாவைக் கூப்பிடுகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். என் மாமியார் அவளை இடுப்பில் வைத்துச் சோறூட்டும்போது சொல்லிக் கொடுத்த பாட்டு. பத்திரிகை மேசையிலிருந்து ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் "உஷ்" என்றேன். பாட்டு நின்றது. அதற்குப் பிறகு அந்த மேசைக்கு அடியில் பாட்டே கேட்கவில்லை.

அன்றைய நூலகம் அப்படித்தான் இருந்தது. சுவரில் 'அமைதி காக்கவும்' பலகை, பச்சை இரும்பு பீரோக்கள், தினசரிகளை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிக்கும் பெரியவர்கள். குழந்தைகள் நூல் என்று கீழ்த்தட்டில் ஒரு வரிசை இருந்தது. ஆனால் அதை எடுக்க டெபாசிட் கட்டி உறுப்பினராக வேண்டும், பெயர் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், கிழிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாது. கையெழுத்து இல்லை என்றால் வந்ததாகவே கணக்கில்லை. மாத அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல் வழங்கினோம் என்று எழுதுவோம். எத்தனை பேர் கதை கேட்டார்கள் என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பில் எஸ்.ஆர். அரங்கநாதனின் ஐந்து விதிகளை நாங்கள் மனப்பாடம் செய்தவர்கள். சீர்காழியில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி எழுப்பியவர், அந்த விதிகளை 1931இல் நூலாக்கினார். அதே 1931இல் எங்கள் பக்கத்து மன்னார்குடியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் அவர் இருக்கும் இடத்துக்கே நூலைக் கொண்டுபோன வண்டி அது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் சேர வேண்டும் என்ற இரண்டாவது விதியைத் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்குள் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரி கட்டுகிறவர்கள் கூடவே நூலக வரியும் கட்டுகிறார்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடும் கட்டுகிறது. அந்தக் குழந்தைக்கு நூலகம் என்ன திருப்பிக் கொடுத்தது என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2018இல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போனேன். பேரனுக்கு மூன்று வயது. செவ்வாய்க்கிழமை காலைகளில் அவனைப் பக்கத்து நூலகத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை. முதல் நாள் கதவைத் திறந்ததுமே உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம். இருபது குழந்தைகள், மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள், இரண்டு மூன்று தாத்தாக்கள். நடுவில் நூலகர், என் வயதுதான் இருக்கும், தவளை மாதிரி குந்தி உட்கார்ந்து குதித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் குளம். புத்தகங்கள் குளத்தைப் பற்றி, பாட்டுகள் குளத்தைப் பற்றி, கடைசியில் ஒட்டி விளையாடிய காகிதத் துண்டுகளும் மீன், தவளை, வாத்து. என் பேரன் இருந்த சத்தத்தையெல்லாம் திரட்டிக் கத்தினான். என் கை தன்னையறியாமல் என் உதட்டுக்குப் போனது. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நூலகத்தில் ஒருவரும் அவனை அடக்கவில்லை. கைக்குழந்தை பெயரிலும் அங்கே உறுப்பினர் அட்டை தருகிறார்கள்.

அன்று இரவு படுத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் மகளை நான் வாயடைத்து உட்கார வைத்தது ஒரு நூலகத்தில். அவள் மகன் வாய் திறந்து பாடுவதும் ஒரு நூலகத்தில்.

பிறகு தேடிப் படித்தேன். அவர்களும் ஆரம்பத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் பன்னிரண்டு, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இடமே கிடையாது. 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர், சுவரில் இருந்த 'அமைதி' பலகைகளை இறக்கச் சொன்னார், கதை நேரங்களைத் தொடங்கினார். பள்ளி செல்லும் முன்பான பிள்ளைகளுக்கென்று தனியாகக் கதை நேரம் வந்தது அதற்கும் பல வருடங்கள் கழித்து. 2004இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவுகள் சேர்ந்து, வாசிக்கத் தெரிவதற்கு முன்பே வாசிப்புக்குக் குழந்தையைத் தயார் செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 2011இல் அதைத் திருத்தி ஐந்து காரியங்களாகச் சுருக்கினார்கள்: பேசுவது, பாடுவது, வாசிப்பது, எழுதுவது, விளையாடுவது. படித்ததும் எனக்கு என் மாமியார் நினைவுக்கு வந்தார். வாசிப்பதையும் எழுதுவதையும் தவிர மீதி மூன்றும் அவர் திண்ணையில் தினமும் நடந்தன. சாய்ந்தாடும் பாட்டு, கை வீசும் பாட்டு, விரல் விரலாக மடக்கிச் சொல்லும் கதை, அக்குளில் முடியும் நண்டு விளையாட்டு. எங்களிடம் பாட்டு திண்ணையில் இருந்தது, புத்தகம் பீரோவில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே தெருவைக் கடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பினேன். கொரோனா வந்து நூலகங்கள் அடைத்துக் கிடந்தன. 2022இல் எங்கள் கிளை நூலகத்துக்குப் போய், இப்போதைய நூலகரிடம் கேட்டேன். என் மகளைவிடச் சிறிய பெண். "ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் குடுங்கம்மா, பாயை நானே கொண்டுவர்றேன்" என்றேன். "தாராளமா வாங்க மேடம், வாசகர் வட்டத்துல சொல்லிடலாம்" என்றார். முதல் வாரம் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். இப்போது பதினைந்துக்குக் குறைவதில்லை.

வாரத்துக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்கிறோம். மழை, யானை, சந்தை, தாத்தா பாட்டி, இட்லி என்று போகும். பொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். மழை வாரத்தில் 'தூறல்' என்ற சொல் முதல் புத்தகத்தில் வரும். பாட்டில் விரல் நுனிகளால் தரையைத் தட்டும்போது வரும். இரண்டாவது புத்தகத்தில் வேறொரு படத்தில் வரும். வீட்டுக்குப் போகும் வழியில் நிஜமாகவே வந்தாலும் வரும். ஒரே சொல்லை நாலு வாசல் வழியாகப் பார்த்த குழந்தை அதை விடாது. 'ரெயின்' மட்டும் தெரிந்து வந்த பிள்ளைகள் தூறல், சாரல், அடைமழை என்று பிரித்துச் சொல்வதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் பொருளுக்குப் பொருந்துகிறது என்பதற்காகச் சப்பென்ற புத்தகத்தை எடுக்கவே மாட்டேன். யானை வாரத்தில் நல்ல எலிக் கதை கிடைத்தால் எலிக் கதைதான்.

பாட்டு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. பாடும்போது சொல் அசை அசையாகப் பிரிகிறது, ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு விழுகிறது. த-வ-ளை. மூன்று தட்டு. பின்னால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறபோது பிள்ளைக்குத் தேவைப்படும் காது இதுதான். தமிழில் இன்னொன்றும் இருக்கிறது. 'மழை'யை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் 'மளை' என்றுதான் சொல்வார்கள். திருத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள். பாட்டில் அந்த ஒலியை இழுத்துப் பாடிவிட்டால் நாக்கு தானாகவே மேலண்ணத்தைத் தேடிப் போகிறது. திருத்தியதாகவே அவர்களுக்குத் தெரியாது.

பெரிய சிக்கல் புத்தகத்தின் தமிழ். இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது. முன்பைவிட இன்று படப் புத்தகங்கள் எவ்வளவோ அதிகம். துலிகா, பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்கள் வந்த பிறகு, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும் பிள்ளையின் படம் என்றெல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வரி 'தவளை குளத்திற்குச் சென்றது' என்று இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையின் உலகத்தில் யாரும் எங்கேயும் 'சென்றது' இல்லை. போவார்கள், வருவார்கள். அப்படியே வாசித்தால் கண்கள் அலையத் தொடங்கும். முழுவதும் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டால் புத்தகம் எதற்கு? அச்சில் இருக்கும் தமிழ் அந்தக் காதுக்கு எப்போதுதான் பழகும்? பல வாரம் தடுமாறிய பிறகு ஒரு வழக்கத்துக்கு வந்தேன். முதலில் இருக்கிறபடியே, விரலால் வரியைத் தொட்டு வாசிப்பேன்: "தவளை குளத்திற்குச் சென்றது." உடனே படத்தைப் பார்த்து, "எங்க போச்சு தவளை?" என்று கேட்பேன். "கொளத்துக்கு!" என்று கத்துவார்கள். மூன்றாவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை தன் தம்பியிடம், "தவளை சென்றது டா" என்று சொன்னாள்.

புத்தகத்தைப் பிடிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். அந்த நியூ ஜெர்சி நூலகரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது. நடுவில் கீழ்ப்பக்கமாக இடது கையால் பிடிக்க வேண்டும், முகத்துக்குப் பக்கவாட்டில், பிள்ளைகளின் கண்மட்டத்தில். தாளை மேல் மூலையில் வலது விரலால் தள்ளித் திருப்ப வேண்டும். கை குறுக்கே வந்தால் படம் மறைந்துவிடும். கதை நேரத்துக்கு ஒரு வரிசையும் உண்டு. முதல் புத்தகம் நீளமானது, உடம்பு இன்னும் அலுக்காத நேரம். அடுத்து எழுந்து ஆடும் பாட்டு. பிறகு சின்னப் புத்தகம். பிறகு டப்பா. தைலப் புட்டி, மாத்திரை டப்பா எதிலாவது புளியங்கொட்டை பத்துப் போட்டு, மூடியைச் சுற்றி நன்றாகப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுப்பேன். தூறலுக்கு மெல்லக் குலுக்க வேண்டும், அடைமழைக்கு ஓங்கிக் குலுக்க வேண்டும், 'வெயில்' என்றதும் நிறுத்த வேண்டும். இந்த நிறுத்தத்தைக் கற்றுக்கொள்ள மூன்று வயதுக்கு நாலு வாரம் ஆகிறது. பதினைந்து டப்பாவும் ஒரே நேரத்தில் நின்று, சட்டென்று நூலகம் முழுக்க அமைதி விழும் அந்த ஒரு நொடிக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறேன். பலகை மாட்டி வாங்கிய அமைதி இப்படி இருந்ததில்லை.

தினசரி படிக்க வரும் பெரியவர்களுக்கு முதலில் கோபம். ஒருவர் புகார்ப் புத்தகத்தில் எழுதினார். எழுதியது நியாயம்தான். அவருக்கும் அது நூலகம். நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினோம், பாயைக் குழந்தைகள் பகுதிக்குத் தள்ளிப் போட்டோம். இப்போது அவர் பத்தரைக்குள் படித்து முடித்துவிட்டு, போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சென்னைக்குப் போனபோது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவைப் பார்த்தேன். 2010இல் திறந்தது. நடுவில் பெரிய செயற்கை மரம், அதன் கீழே படிக்கும் பிள்ளைகள். மனம் நிறைந்துபோனது. எங்கள் கிளைக்கு மரம் கேட்கவில்லை. மாத அறிக்கையில் ஒரு கட்டம் கேட்கிறேன்: கதை கேட்க வந்தவர்கள் இத்தனை பேர், வயது ஐந்துக்குக் கீழே. அந்தக் கட்டம் வந்தால் பாயும் புத்தகமும் ஆளும் தானே வரும் என்று முப்பத்திரண்டு வருடம் அறிக்கை எழுதிய எனக்குத் தெரியும்.

போன மாதம் கதை நேரம் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது மகள் வீடியோவில் கூப்பிட்டாள். "லைப்ரரியக் காட்டும்மா" என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன். பீரோக்கள் அதே பச்சை, மின்விசிறி மட்டும் புதுசு. நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது கணினி இருக்கிறது. அதைக் காட்டும்போது, "அம்மா, நிறுத்து, நிறுத்து. மேசைக்கு அடியில யாரோ இருக்காங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஒரு பையன், மூன்று வயதுக்கு மேல் இருக்காது. மழைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பாடிக்கொண்டிருந்தான். அவன் அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திரும்ப வாங்க நான் கையை நீட்டினேன்.

"விடும்மா," என்றாள் மகள். "பாடி முடிக்கட்டும்."