ஏற்றத்தில் மங்கும் விளக்கு: பசறை வீதியில் ஒரு கருப்பொருள் ஆராய்ச்சி

குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். மலை, நள்ளிரவு, மழைக்குளிர், பனி என்று நான்கையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட ஆசிரியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார். விளக்கை மட்டும் விட்டுவிட்டார்.

இந்த விடுபடல் தற்செயலானதல்ல. இரவுக்குறியில் தலைவன் மலைவழியே வருகிறான். யானை உண்டு, பாம்பு உண்டு, காட்டாறு உண்டு என்று தோழி வழியின் ஏதத்தைச் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். “கையில் ஒரு வெளிச்சம் கொண்டுவரக் கூடாதா?” என்று ஒருமுறையாவது கேட்கிறாளா? கேட்கமாட்டாள். விளக்கோடு வந்தால் ஊர் முழுவதும் அலர். தலைவனுக்கு இருட்டு தேவைப்பட்டது. பசறையிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறவருக்குப் பெரும்பாலும் அந்தத் தேவை இல்லை. ஆகவே குறிஞ்சியின் ஒன்பதாம் கருப்பொருளாகச் சைக்கிள் விளக்கை முன்மொழிந்து, நாலைந்து நாள் சார்ஜ் போட வழியில்லாத பயணத்துக்கு எந்த விளக்கு ஏற்றது என்று தீர்மானிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் ஏ-5 நெடுஞ்சாலை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாக வந்து, பசறையைத் தொட்டு, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியில் முடிகிறது. பசறையில் நின்றால் ஒரு பக்கம் நமுனுகுல மலை, 2,000 மீட்டரைத் தாண்டிய உயரம். மறுபக்கம் மடுல்சீமைக்கு ஏறும் பாதை. நடுவில் தேயிலை. இந்த ஊரில் சைக்கிள் என்பது பாதி நேரம் மனிதனைச் சுமக்கும் வாகனம். மீதி நேரம் மனிதன் தள்ளிக்கொண்டு போகும் சுமை. இந்த ஒரு உண்மையை மனதில் வைக்காமல் விளக்கு வாங்கியவர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள்.

கரண்ட் இல்லாத பயணம் என்றால் கூடாரம் கட்டிக் காட்டுக்குள் போகும் வெளிநாட்டுக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 2022ஐ ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் செட்டில் நாள் கணக்கில் வரிசை. யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தது. சைக்கிளை மறந்திருந்தவர்கள்கூடச் சைக்கிள் தேடிய வருடம் அது. சார்ஜர் இருந்தது, பிளக் பொயின்ட் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஓட வேண்டியதுதான் இல்லை.

இனிப் பிறர் மதங்கள். சிவஞான சித்தியார் பரபக்கத்தை முதலில் வைத்து மறுத்துவிட்டுத்தான் சுபக்கத்துக்கு வருகிறது. நல்ல மரபு, இங்கும் அதுவே.

யூஎஸ்பி மதத்தை மறுக்க அதிக நேரம் ஆகாது. பெட்டியில் பெரிய எழுத்தில் லூமன் கணக்குப் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 18650 என்ற வகை லித்தியம் செல் ஒன்று. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயர்க்காரணம் அவ்வளவுதான். அதற்குள் சுமார் 10 வாட்-மணி சக்தி. 400 லூமன் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 4 வாட் வேண்டும். இரண்டரை மணித்தியாலத்தில் கதை முடிந்தது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் கொண்டுபோகலாமே என்பார்கள். கணக்கில் அது 37 வாட்-மணி. மாற்றும்போது போகும் நட்டத்தைக் கழித்தால் விளக்கை இரண்டு, மூன்று தடவை நிரப்பலாம். பிறகு அதே பவர் பேங்கில் போனும் தொங்கும். வீட்டுக்காரி எடுக்கும் அழைப்பா, விளக்கா என்று வரும்போது எது வெல்லும் என்பதை ஆராயத் தேவையில்லை.

சூரிய மதத்துக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை ஓரளவு நியாயம் இருக்கிறது. கச்சான் காற்று அடித்து, மலை காய்ந்து, ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணம் ஏறும் பருவம் அது. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் இறங்கிவிட்டால் சூரியத் தகடு தாம்பாளத் தட்டுக்குச் சமம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், இரண்டு மணித்தியாலம் எரியும் விளக்கே அங்கே போதும். பசறை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. சித்திரையானாலும் மார்கழியானாலும் ஆறு, ஆறரைக்குப் பொழுது விழுந்துவிடும். பிறகு பன்னிரண்டு மணித்தியாலம் யாமத்தின் ஆட்சி.

மூன்றாவது டைனமோ மதம். இதுதான் பலமான எதிர்க்கட்சி. ஃபரடே 1831இல் கண்டறிந்த தத்துவம்: கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். டயரின் பக்கவாட்டில் உரசி ஓடும் போத்தல் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தரும், முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6. பெட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம், கால் இருந்தால் போதும். ஜெர்மனியில் 2013வரை சாதாரண சைக்கிளுக்கு டைனமோ விளக்கு சட்டப்படி கட்டாயமாக இருந்தது. பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டத்தை 90 மணித்தியாலத்துக்குள் முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள்காரர்களில் பலர் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பொருத்திய டைனமோவைத்தான் நம்புகிறார்கள்.

தமிழரிடமே இதைவிடப் பெரிய சான்று உண்டு. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெட்டரியும் அடக்கம், மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம். படிக்கிற பிள்ளைக்கு ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் சுற்ற, ஊரே உலகச் செய்தி கேட்டது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்தது. சார்ஜ் இல்லாத வாழ்க்கை பற்றி எந்த நாட்டு நிபுணரும் இவர்களுக்குப் பாடம் சொல்ல முடியாது.

அப்படியானால் டைனமோவே சித்தாந்தம் என்று முடித்துவிடலாமா?

அற்றன்று. என்னை? யாழ்ப்பாணம் சமதரை. பாரிசிலிருந்து பிரெஸ்டுக்கு மேடு உண்டு, ஆனால் அதில் ஏறுகிறவர் சைக்கிளின் மேல் இருக்கிறார். டைனமோ மருதத்துக்கும் நெய்தலுக்கும் உரிய கருப்பொருள். அதைக் குறிஞ்சிக்குள் கொண்டுவந்தால் திணை மயக்கம்தான். இதற்கு ஒரு நூற்பா:

ஏறுழி மங்கலும் இறங்குழி மிகலும்
டைனமோ இயல்பென மொழிப, மழைவரின்
வழுக்கலும் உரித்தே என்மனார் சைக்கிளோர்.

இதன் பொருள்: டைனமோ தன் முழு 3 வாட்டையும் தருவது ஏறக்குறைய மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில். மடுல்சீமைப் பக்கம் ஏறும்போது மிதித்தாலே ஆறு, ஏழு. இறங்கித் தள்ளினால் நாலு. விளக்கு விக்கும், கண் சிமிட்டும், பிறகு அணையும். அட்டை ஏறுவதும் குழி இருப்பதும் அந்த நேரத்தில்தான். இறக்கத்தில் மணிக்கு நாற்பது வரும்போது விளக்கு பகலாகும். பழைய குண்டு பல்ப் என்றால் வோல்ட் தாங்காமல் முதலில் பின்விளக்கு போகும். அதன் பங்கு மின்சாரமும் முன்விளக்குக்குப் பாய்ந்து, அதுவும் பின்னாலேயே போகும். கொண்டை ஊசி வளைவில் அந்த உச்ச வெளிச்சம் எதைக் காட்டும்? வீதியை அல்ல. வீதி வளைந்துவிட்டது. விளக்கு நேராகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழை வந்தால் டயர் நனைந்து, உருளை வழுக்கி, அதுவும் இல்லை.

எல்ஈடி வந்தபிறகு நிலைமை மாறியது என்று டைனமோவாதிகள் ஆட்சேபிப்பார்கள். பாதி உண்மை. வெள்ளை வெளிச்சத்துக்கு வழிதிறந்த நீல எல்ஈடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. அதே 3 வாட்டில் குண்டு பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம் இப்போது கிடைக்கிறது. பல்ப் போகும் தொல்லையும் தீர்ந்தது. புது விளக்குகளில் ஒரு கொள்ளளவி இருக்கிறது, நின்றாலும் சில நிமிடம் சிறு வெளிச்சம் தரும். சில நிமிடம். பசறை ஏற்றம் சில நிமிடத்தில் முடிவதில்லை.

எஞ்சியது சுபக்கம். அதன் பெயர் பென்டோர்ச் பெட்டரி. உலகம் ஏஏ என்று சொல்லும் அந்த விரல் அளவுப் பெட்டரியை எந்தச் சில்லறைக் கடையிலும், பீடிக்கட்டுக்கும் நெருப்புப்பெட்டிக்கும் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். விளக்கைத் தெரிவு செய்யும் முதல் அளவுகோல் லூமன் அல்ல, “தோட்டத்துக் கடையில் இதன் சாப்பாடு கிடைக்குமா?” என்பதே. நல்ல அல்கலைன் பெட்டரி இரண்டில் 6 வாட்-மணிக்குக் குறையாமல் இருக்கும். அரை வாட்டில் எரித்தால் 50 லூமன், பன்னிரண்டு மணித்தியாலம். தள்ளிக்கொண்டு போகும்போது அதில் பாதி தாராளம். இரவுக்கு நாலு மணித்தியாலம், ஐந்து இரவு என்றால் இருபது மணித்தியாலம். நாலு பெட்டரியில் முடிகிறது. வீட்டிலிருந்து கிளம்புகிறவர் எனெலூப் மாதிரி மீள்சார்ஜ் பெட்டரியை நிரப்பிக்கொண்டு போகலாம். 2005இல் சான்யோ கொண்டுவந்த அந்த வகை, அலுமாரியில் கிடந்தாலும் சீக்கிரம் சக்தியை இழக்காது. தீர்ந்தால் அதே குழிக்குள் கடைப்பெட்டரியைப் போடலாம்.

பின்விளக்குக்கு ஆராய்ச்சியே வேண்டாம். சிமிட்டும் சிவப்பு எல்ஈடிக்கு இரண்டு சிறு பெட்டரி போட்டால் பயணம் முடிந்த பிறகும் எரியும். அது இல்லாமல் போகிறவரோடு விவாதிப்பதற்கும் ஒன்றுமில்லை. வளைவில் பின்னால் வரும் பஸ்காரர் விவாதிப்பதில்லை.

பனிமூட்டம் பற்றி ஒரு வார்த்தை. நமுனுகுலப் பக்கம் முகில் இறங்கினால், அதிக வெளிச்சம் பகையாகிறது. நீர்த்துளிகளில் பட்டு ஒளி அப்படியே கண்ணுக்குத் திரும்பும். முன்னால் வெள்ளைச் சுவர். தலையில் கட்டும் விளக்கு இதில் மிக மோசம், ஒளி கிளம்பும் இடமும் பார்க்கும் கண்ணும் ஒன்றாக இருப்பதால். ஹேண்டிலுக்குக் கீழே, முடிந்தால் முன்சக்கர அச்சுக்குப் பக்கத்தில், மங்கலாகக் கட்டிய விளக்கே வழி காட்டும். ஆயிரம் லூமன் வாங்கியவர் அங்கே அதை அணைத்துவிட்டு நிற்பார்.

தீர்ப்பு: பிபிலையிலிருந்து செங்கலடிவரை சமதரைக்கு டைனமோ. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் பென்டோர்ச் பெட்டரி போடும், கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய டோர்ச். 40 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த 25, 30 மீட்டர் வேண்டுமென்பதால் இறங்கும்போது மட்டும் உச்ச வெளிச்சம். யூஎஸ்பி விளக்கு இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், மின்வெட்டுக்கு ஆகும்.

நாலு பெட்டரியின் எடை 100 கிராமுக்குள். பசறை டவுனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், பழையது ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.