முள் படாத தட்டு

அமெரிக்காவில் 2022ல் விற்ற எல்பி இசைத்தட்டுகள் சுமார் 4.1 கோடி, சிடிக்கள் 3.3 கோடி. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு சிடியை முந்தியது அப்போதுதான். பழசுக்கு வந்த வாழ்வு! மறு ஆண்டே லுமினேட் என்ற நிறுவனத்தின் ஆய்வு இன்னொரு சேதி சொன்னது: அங்கே தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம் பிளேயரே கிடையாது.

அவர்கள் பாடு சுகம். ஃபிரேம் போட்டு மாட்டினால் முடிந்தது.

பிளேயர் வைத்திருப்பவர்தான் படாதபாடு படுகிறார். தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டுமே தொட வேண்டும், விரல் ரேகை படக் கூடாது. நிறுத்தித்தான் அடுக்க வேண்டும், சாய்ந்தால் நெளியும். சாமி படத்தைத் துடைப்பதுபோல் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் பதமாகத் துடைத்து, முள்ளை இறக்கி, நாற்காலியில் சாய்ந்தால் இருபது நிமிஷத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். எழுந்து திருப்பிப் போட வேண்டும். அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டைத் துடைக்க ஸ்பிரிட்டை எடுத்தாரோ, போச்சு. அது அரக்கில் செய்தது, கரைந்துவிடும்.

இத்தனைக்கும் சேகரிப்பாளர் சந்தையில் ‘மின்ட்’ என்ற உச்ச மதிப்பு, ஒருமுறைகூட ஓடாத தட்டுக்குத்தான். ஆசைப்பட்டுப் பாட்டுக் கேட்டால் விலை இறங்கும். ஆகவே விவரமானவர்கள் இரண்டாக வாங்குகிறார்கள்: கேட்க ஒன்று, வைக்க ஒன்று. கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. பல புதிய எல்பிக்களின் உறைக்குள் டவுன்லோடு கூப்பனையும் சேர்த்தே வைத்து விற்றன.