சந்தனமா, மயில் நீலமா?

எங்கள் தெருக்காரர் ஷேட் கார்டோடு வந்துவிட்டார். கதவைச் சாத்தியும் பயனில்லை, ஜன்னல் வழியாக நீட்டுவார். "அண்ணே, ஒரே நிமிஷம். ஹாலுக்குச் சந்தனமா, மயில் நீலமா?"

சந்தனம் என்றால், "கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுமே!" சரி, நீலம். "ரூம் இருட்டடிக்குமே!" மறுத்துப் பேச ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு.

சுவரில் இரண்டு கலரிலும் பட்டை பட்டையாக அடித்து வைத்திருக்கிறார். காலை வெயிலில் பார்ப்பார், உச்சி வெயிலில் பார்ப்பார், ராத்திரி டியூப் லைட்டில் பார்ப்பார், கரண்ட் போனால் டார்ச் அடித்துப் பார்ப்பார். வெளிச்சம் மாறினால் கலரும் மாறித் தெரியும். கார்டில் சாதுவாக இருப்பது முழுச்சுவரில் ஏறியதும் முறைக்கும். நிஜம்தான். ஆனால் இதை எந்தப் புண்ணியவான் இவர் காதில் போட்டாரோ, அன்று பிடித்தது தெருவுக்குச் சனி.

வேறு குறை சொல்ல முடியாத மனுஷர். வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தரமாட்டார், அவ்வளவுதான்.

பொறுக்கமாட்டாமல், எங்கள் தெருவிலிருந்து தெரியும் வைணு பாப்பு வானாய்வகத்தைக் காட்டினேன். "அங்கே பாருப்பா, 1986-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி. டோம் ஏன் வெள்ளை? பகல் வெயிலில் உள்ளே சூடேறினால், ராத்திரி அந்தச் சூட்டுக்காற்று நட்சத்திரத்தை ஆட்டிக் காட்டும். ஆனா தொலைநோக்கிகளுக்கு உள்பக்கம் கறுப்பு பூசுவாங்க, சிதறுற வெளிச்சத்தை விழுங்க. எதுக்குன்னு தெரிஞ்சா கலர் தானா முடிவாகும். உனக்கு ஹால் எதுக்கு? உட்கார்ந்து டிவி பார்க்க. ஏதாவது ஒண்ணை அடி!"

டோமையே வெகுநேரம் பார்த்தார். "அண்ணே, வெள்ளையையும் சேர்த்து யோசிக்கலாமோ?"

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆலங்காயத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெயிண்டரைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. பட்டி பார்த்து, பிரைமரும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு தினமும் வருகிறார், திண்ணையில் உட்காருகிறார். பத்து மணிக்கு மேல், "இன்னிக்கு முடிவாகலை, நாளைக்கு வாப்பா." வேறு வேலைக்கும் போகமுடியாமல் அந்த நாள் கூலி மண். பஸ் சார்ஜாவது கொடுத்தனுப்பக் கூடாதா என்று கேட்டேன்.

"வேலையே ஆரம்பிக்கலையே அண்ணே" என்கிறார்.