நாலு மணிக்கு மேலே

? பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடுகிறது. நான் வேலை முடிந்து மின்சார ரயிலில் வந்து இறங்க ஏழேகால். நடுவில் மூன்று மணி நேரம் என் மகனுக்கு யார் பொறுப்பு?
– இரண்டு பிள்ளைகளின் தாய், செங்கல்பட்டு

இப்போதைக்குச் செல்போன். சட்டத்தைப் பார்த்தால் நகராட்சிக்கும் பங்கு உண்டு. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் விடத்தக்கவை என்று 18 பணிகளைச் சொல்கிறது. சுடுகாடு, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இருக்கிற அதே பட்டியலில் விளையாட்டுத் திடலும் கல்வி, பண்பாட்டு வளர்ச்சியும் இருக்கின்றன. சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டியாயிற்று. மற்றது வரிசையில் நிற்கிறது.

? இல்லம் தேடிக் கல்வி நல்ல திட்டம்தானே? அதை நகராட்சியே நடத்தக் கூடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்

நல்ல திட்டம்தான் ஐயா, ஆனால் மாநில அரசுடையது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க, 2021 அக்டோபர் 27 அன்று முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். படகுத்துறை இருக்கிற நம் மாவட்டத்து முதலியார்குப்பம் இல்லை. அதையும் தாண்டித் தெற்கே மரக்காணம் ஒன்றியத்தில் இருப்பது. மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்பு. சொல்லித்தருகிற தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்.

திருப்போரூர் பக்கம் ஒரு திண்ணையில் அப்படியொரு வகுப்பைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிப் படஅட்டை தொங்கியது. ஒரு சிறுமி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கழித்தல் கணக்குப் போட்டாள். கடன் வாங்குகிற இடம் வந்ததும் மட்டும் அவனைக் கீழே இறக்கிவிட்டாள். எண்ணுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே. ஏழு மணிக்குத் தெருவிளக்கு எரியவில்லை, டீச்சரம்மாவின் செல்போன் வெளிச்சத்தில் வகுப்பு முடிந்தது.

நகராட்சியோ ஊராட்சியோ பாடம் நடத்த வேண்டாம். அந்த விளக்கைப் போட்டு, ஒரு கூடத்தையும் கழிப்பறையையும் திறந்து கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆறு மாதத்துக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு நீண்டது, அப்புறம் தன்னார்வலர்களைக் குறைத்தார்கள். மேலிருந்து வருவது மேலிருந்தே சுருங்கவும் செய்யும். கூடம் உள்ளூரில் இருந்தால் அது எங்கேயும் போகாது.

? 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம்?
– வாசகர், சதுரங்கப்பட்டினம்

பேரிலேயே சதுரங்கம் வைத்திருக்கும் ஊர் கேட்கிறது, பதில் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மிச்சம்: போட்டிச் சின்னமான வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யோடு எடுத்த செல்ஃபி. ஒரு பலகையும் 32 காயும் ஒரு வேளை பிரியாணி விலைதான். நூலகத்தில் நாலு செட் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

? கடலோரப் பையன்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா? அலையைப் பார்த்தால் ஓடிவிடுவான்களே!
– மீன் வியாபாரி, கோவளம்

உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது அம்மா. மீனவர் குடும்பத்து மூர்த்தி மேகவன், பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அலைச்சறுக்கு இலவசம் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அலைக்கு ஓடுகிறவனை அலையை வைத்தே வகுப்புக்குத் திருப்பிய தந்திரம் அது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ரமேஷ் புதிஹாலும் கோவளத்துக் கடலில் தேறியவர்தான், ஆனால் அது கேரளத்துக் கோவளம். மூர்த்தியுடையது தனியார் முயற்சி. அரசு பிறகு வந்து சால்வை போர்த்தியது.

? சும்மா கேள்வி கேட்பீர்கள். நகராட்சியில் காசு எங்கே இருக்கிறது?
– ஒரு கவுன்சிலர் (பேர் வேண்டாம் என்கிறார்)

1920-லும் இதையே சொல்லியிருக்கலாம். சென்னை மாநகராட்சி சொல்லவில்லை. பிட்டி தியாகராயர் தலைமையில், மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் என்று தீர்மானம் போட்டு, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது 1956-ல். முதல் அடுப்பை மூட்டியது உள்ளாட்சி.

காசும் இருக்கிறது தலைவரே. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி, 1948-ன் நூலகச் சட்டப்படி நீங்களே வசூலிக்கிறீர்கள். மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். பல உள்ளாட்சிகள் அதில் பாக்கி வைப்பது ஊரறிந்த கதை. அதைக் கட்டிவிட்டு, சாயங்காலம் சிறுவர் பகுதியைத் திறந்து வை என்று அதிகாரத்தோடு கேட்கலாமே?

? வெளிநாட்டில் எப்படி?
– பொறியியல் மாணவி, மறைமலைநகர்

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகராட்சி 2007-லிருந்து 6 முதல் 18 வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குகிறது. நீச்சலோ வயலினோ, பிள்ளை சேருகிற மன்றத்துக்குப் பணம் போய்விடும். அப்பா கைக்கு வராது. (அந்த முன்யோசனைக்கே ஒரு கும்பிடு.) அந்த நாட்டில் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையான 15, 16 வயதினர் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். இதோடு இரவு ஊரடங்கு, பெற்றோர் கூட்டம் என்று வேறு பலவும் சேர்ந்தன.

? எங்கள் பேட்டைப் பூங்காவில் ‘பந்து விளையாடத் தடை’ என்று பலகை.
– ஒரு தாத்தா, திருக்கழுக்குன்றம்

கழுகுக்கு உச்சிவேளையில் தவறாமல் சோறு வைத்த ஊரில், பையனுக்குச் சாயங்காலம் பந்து இல்லையா? நகரங்களுக்கும் இப்போது பகுதி சபை வந்துவிட்டது, போய்க் கேளுங்கள். போகும்போது பேரனையும் கூட்டிப்போங்கள், பந்தோடு.

? ஏற்கெனவே டியூஷன். இதுல நீங்க வேற ஏன் சார் கிளப்பிவிடறீங்க?
– ஏழாம் வகுப்பு, கல்பாக்கம்

பயப்படாதே தம்பி. தீர்மானம் போட்டு, டெண்டர் விட்டு, கட்டி முடிப்பதற்குள் உனக்கு மீசை முளைத்திருக்கும். திறப்பு விழாவில் நாற்காலி போட ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறேன்.