விலையில்லா அரிசியின் விலை

அந்தக் காலத்தில் எங்கள் காட்டூர்ப் பக்கம் ரேஷன் அரிசி என்பது ஊரறிந்த ரகசியம். எல்லா வீட்டு அடுப்பிலும் அதுதான் வெந்தது. சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டவர் மட்டும் ஒருவரும் இல்லை. கேட்டால், "கோழிக்குப் போட வாங்கினு வந்தேன்" என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பழவேற்காட்டு ஏரிக்கரைக் கோழிகள் எல்லாம் ஆனைக்குட்டி அளவுக்குக் கொழுத்திருக்க வேண்டும்.

ஆயா முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். கல் ஒரு பக்கம், நெல் ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம். நாலு தண்ணீரில் களைந்தாலும் கோணி வாசனை போகாது. நாங்கள் மூக்கைச் சுளித்தால், "மடவைக் கொழம்பு ஊத்தினா எல்லாம் பொன்னி அரிசிதான்டா, துன்னு" என்பாள்.

மடவை மீன் கிடைக்காத நாட்களில்தான் சங்கடம். முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் ஏரிக்குக் கடல்நீர் வராது. மீனும் இறாலும் அற்றுப்போகும். ஏரியில் மாறி மாறி மீன்பிடிக்கும் 'பாடு' முறையில் வலை போடுகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அப்போதெல்லாம் எங்களுக்கு உணவுத் துறை, இறால் வியாபாரி வீட்டுத் திண்ணைதான். அரிசிக்கு முன்பணம் சிரித்த முகத்தோடு கொடுப்பார். இறால் பட்டதும் விலையை அவரே சொல்வார், தராசையும் அவரே பிடிப்பார். சில நாள் சோற்றுக்கு ஒரு பருவத்து இறால். அதற்குப் பெயர் ஒத்தாசை. அரசாங்கம் கொடுத்தால் மட்டும் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று அதே திண்ணையில் பேச்சு நடக்கும்.

அரசாங்கத்தின் மலிவு அரிசி 1967-ல் ரூபாய்க்குப் படி என்று தொடங்கியது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே கிடையாது. அரிசி விலை இறங்க இறங்க, அதை இளக்காரம் பேசுகிறவர்களின் குரல் ஏறிக்கொண்டே போனது.

இப்போது ஸ்மார்ட் கார்டு, கைரேகை எல்லாம் வந்தாயிற்று. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வாங்காத பாமாயிலை வாங்கியதாகக் கைபேசிக்குச் செய்தி வந்த மாதமும் உண்டு. பட்டணத்தில் வீடு கட்டிப் போன சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால், இட்லிக்கு ரேஷன் புழுங்கல் மாதிரி வராது என்று பை நிறைய வாங்கிப் போகிறார்கள். கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திராவுக்குக் கடத்தப் பார்த்த ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. யாருமே தின்னாத அரிசிக்கு எல்லை தாண்டியும் எவ்வளவு கிராக்கி!

அந்த அரிசியின் அருமை தடைக் காலத்தில் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் மீன்பிடித் தடை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த நாட்களில் காசு புரளாது. உலை மட்டும் கொதிக்கிறது. அரிசி டப்பா நிறைந்திருந்தால்தான் ஏரியில் வலை போடுகிறவனும் வியாபாரியிடம், "இந்த வெலைக்கு இல்லண்ணே, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்ல முடிகிறது. என் அப்பா காலத்தில் அப்படிச் சொல்ல நாக்கு எழாது. மாதம் 20 கிலோ அரிசி சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஒரு வாக்கியத்தை.

அரிசியில் கல் இருந்தால் திட்டுவோம், எடை குறைந்தால் சண்டை போடுவோம். அது நம் உரிமை. இலவசத்தால் நாடு கெட்டது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை ஏழைக்கு மட்டும் கொடுத்ததில்லை. முதலில் உங்கள் வீட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம்.