நிற்பதற்கும் சுங்கம்

தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பது நாள்காட்டி அச்சடிக்கிறவருக்கு ஒரு வருஷம் முன்பே தெரியும். பட்டாசுச் சீட்டு பிடிக்கிற அண்ணாச்சிக்குத் தெரியும். ஆம்னி பஸ் முதலாளிக்கு நாழிகை சுத்தமாகத் தெரியும். தெரியாதவர்கள் இரண்டே தரப்பினர்: தமிழ்நாட்டுப் போக்குவரத்தை நடத்துகிறவர்கள், தேசிய நெடுஞ்சாலையை நடத்துகிறவர்கள். பண்டிகைக்கு முந்தின நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் சென்னையை விட்டுத் தெற்கே கிளம்புகிறார்கள் என்ற செய்தி இவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் திடீர்ப் புயலாக வந்து சேர்கிறது. புயலுக்காவது கூண்டு ஏற்றுவார்கள்.

ரயிலில் போகலாமே என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அதனால் விளைந்த நன்மை, ஏமாற்றம் இரண்டு மாதம் தள்ளி வருகிறது. காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்து, நீங்கள் ஓடிபியை அடித்து முடிப்பதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிருக்கும்.

சரி, ஆம்னி பஸ். சாதாரண நாளில் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிற திருநெல்வேலி சீட்டு, பண்டிகைக்கு முந்தின ராத்திரி மூவாயிரத்தைத் தாண்டும். உடனே அமைச்சர் எச்சரிப்பார்: கூடுதல் கட்டணம் வசூலித்தால் கடும் நடவடிக்கை. எதைவிடக் கூடுதல், ஐயா? ஆம்னி பஸ் ஓடுவது ஒப்பந்த ஊர்தி உரிமத்தில். அதற்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. கட்டணப் பட்டியலை உரிமையாளர் சங்கமே வெளியிடுகிறது. விலை சொல்பவரும் அவரே, சொன்ன விலைக்குள்தான் விற்கிறேன் என்று சான்று தருபவரும் அவரே. அமைச்சரின் வேலை நடுவில் முறைத்துப் பார்ப்பது.

அரசுப் பேருந்து வேண்டுமென்றால் முதலில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று கோலாகலமாகத் திறந்தார்கள், எண்பத்தெட்டு ஏக்கர். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் ஓடுகிறது. திறப்பு விழாவன்று அதில் ரயில் நிற்க ஒரு நிலையம் இல்லை. திருவொற்றியூரிலிருந்து மூட்டை முடிச்சோடு, தூங்கி வழியும் பிள்ளைகளோடு பேருந்து நிலையத்துக்கு வருவதே ஒரு தனி யாத்திரை. வெளியூர்ப் பயணம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

சொந்தக் காரில் போகிறவர் கொடுத்துவைத்தவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்காகவே பரனூர் காத்திருக்கிறது. அந்தச் சுங்கச்சாவடியைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் ஓர் அறிக்கை தந்தார். தணிக்கை செய்த காலத்தில் அந்த வழியே போன வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டண விலக்குக் கணக்கில் காசு கட்டாமல் போயிருக்கின்றன. விலக்கு யாருக்கு? குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், நீதிபதி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி. இந்தப் பட்டியலை எவ்வளவு இழுத்தாலும் செங்கல்பட்டைக் கடக்கும் இரண்டு வண்டியில் ஒன்று அதற்குள் அடங்குமா? நாட்டில் இத்தனை குடியரசுத் தலைவர்கள் இருப்பது நமக்குத்தான் இதுவரை தெரியவில்லை. அவர்களுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிற மிச்சப் பாதிதான் நாம்.

2021-ல் நெடுஞ்சாலை ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரு வண்டிக்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. வரிசை நூறு மீட்டரைத் தாண்டினால் காசு வாங்காமல் விட வேண்டும். அந்த நூறு மீட்டரில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்றது. ஜனங்கள் கோட்டைக் காட்டிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வரிசையைக் குறைத்திருக்கலாம். அது கஷ்டமான வேலை. விலக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டாவது சாவடிகள் மூன்று மாதத்தில் மூடப்படும் என்று 2022 மார்ச்சில் மக்களவையில் சொன்னவர் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. பரனூருக்கும் அச்சிறுப்பாக்கத்தை ஒட்டிய ஆத்தூருக்கும் இடையே அந்த அறுபது கிலோமீட்டர் இல்லை. அமைச்சரின் அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை போலும். கட்டண உயர்வுக்கு மட்டும் காலண்டர் பிசகுவதே இல்லை. வேகமாகப் போவதற்குத்தான் சுங்கம் என்று சொல்லி ஆரம்பித்தார்கள். இப்போது நிற்பதற்கும் அதே கட்டணம். ஃபாஸ்டேக்கில் இருப்பு குறைந்து ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு.

இந்தக் கூத்தில் பெண்கள் படும் பாட்டை எந்த அறிக்கையும் எண்ணவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பேருந்து நகராமல் நிற்கிறது. பின்சீட்டிலிருந்து ஓர் அம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் வரைக்கும் வருகிறார்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"எங்கம்மா நிறுத்துறது? வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு. இறங்கி எங்க போவீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். ஒரு பக்கம் தடுப்புச்சுவர், மறுபக்கம் சர்வீஸ் ரோட்டில் கார்களின் முகவிளக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பற்றிக் கவலையில்லாமல் ஆண்கள் வரிசையாக முதுகு காட்டி நிற்கிறார்கள். "மோட்டல் வந்துரும்மா, பொறுத்துக்கங்க" என்கிறார் நடத்துநர். பொறுத்துக்கொண்டார். ஊருக்குப் போகிற அன்று மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். சாவடி வரிசையின் நீளத்தை அளக்கக் கேமரா வைத்திருக்கும் நாட்டில், அந்த வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைக்க ஆளில்லை. ஒரு சாவடியில் 'இலவசக் கழிப்பறை' என்று பெரிதாகப் பலகை இருந்தது. கதவில் பூட்டு. சாவி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருந்தது.

மோட்டலும் வந்தது. எந்த மோட்டலில் நிற்பது என்பதை ஒப்பந்தம் முடிவுசெய்கிறது. பயணியின் வயிறு அல்ல. காதைக் கிழிக்கும் பாட்டு, நேற்றைய குருமா, பெண்கள் கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து பத்து ரூபாய் வாங்கும் பையன். உள்ளே தண்ணீர் இல்லை என்று சொன்னால், வெளியே பாட்டில் விற்கிறது என்கிறான். அதிலும் அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய்.

பண்டிகை முடிந்ததும் பேட்டி வரும்: சிறப்புப் பேருந்துகளில் இத்தனை லட்சம் பேர் சிரமமின்றிச் சொந்த ஊர் சென்று திரும்பினர். அந்த லட்சத்தில் நானும் அடக்கம் என்பதால் ஒரு சிறு திருத்தம். அரசு என்னை அனுப்பிவைக்கவில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்தேன், சாவடிக்குக் கொடுத்தேன், மூத்திரத்துக்கும் கொடுத்தேன். நானாகத்தான் போனேன், நானாகத்தான் திரும்பினேன். அந்தச் சாதனைக் கணக்கில் ஒரு தலையைக் கழித்துக்கொள்ளுங்கள்.