செகண்ட்ஹேண்ட் சொகுசு எஸ்யூவி: திணையும் துறையும் பாடபேதமும்

யாப்புக்கு நூல் உண்டு. மாட்டுக்கு வாகடம் உண்டு. புதிதில் எழுபது லட்சத்தை ஒட்டி விற்ற வண்டியைப் பத்து வயதில் ஒரு புது க்ரெட்டா விலைக்கு வாங்கி, அதன்பின் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருப்பவனுக்கு மட்டும் இலக்கணம் இல்லை. அழுதவர் பலர், வகுத்தவர் இலர். அக்குறை நீக்கவே இவ்வாராய்ச்சி. தரவுகள் யார்டிலும் ஷெட்டிலும் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் திரட்டப்பட்டன. மூன்றிடத்திலும் நாற்காலி இல்லாமையால் ஆய்வு நின்றவாறே நிகழ்ந்தது என்க.

1. திணை

தொல்காப்பியர் அகத்தை ஏழு திணையாக வகுத்தார். நம் பொருளுக்கு இரண்டே போதும். ஒன்று கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். ஓனர் ஞாயிறுதோறும் மைக்ரோஃபைபர் துணியால் வண்டியைத் துடைப்பார்; வண்டி பதிலுக்கு டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றும். மற்றொன்று பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம். ஒருபுறம் சம்பளம், மறுபுறம் இருபது இன்ச் டயர். பஞ்சர் ஆனது ஒன்று. ஆல் வீல் டிரைவ் என்பதால் மாற்றச் சொல்வது ஜோடியாக.

இடைப்பட்ட அன்பின் ஐந்திணை இவ்வகை வண்டிகளில் காணப்படவில்லை.

2. முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இங்கே நிலம் டெல்லி. பத்தாண்டு கடந்த டீசல் வண்டி தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதுமுதல் ஒன்பதே முக்கால் வயதுள்ள ஜெர்மன் டீசல்கள் படிவம் 28 என்னும் தடையில்லாச் சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கிப் பெயரலாயின.

ஆய்வாளருக்குப் புல்லரிக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. இந்தியாவில் ஓடும் பிஎம்டபிள்யூக்களில் பல, 2007இல் சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்டவை. ஆக, சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் பிறந்து, டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கே ஆகாது என்றானபின் தாய்வீடு திரும்பும் வண்டிகளும் உண்டு. ஆர்டிஓ ஆபீஸில் தாய்வீட்டுச் சலுகை கிடையாது. இங்கே மறுபதிவு செய்து வரி கட்டியாக வேண்டும்.

பொழுது மாலை. வெயிலில் தெரியும் பெயின்ட் வேறுபாடு மெர்க்குரி லைட்டில் தெரியாது ஆதலின். (மச்சான் வாக்கு, 1:3.)

3. பாடபேதம்

வண்டியை ஓர் ஏட்டுச்சுவடியாகக் கொள்க. மீட்டர் 62,000 கிலோமீட்டர் என்று ஒரு பாடம் தரும். வழவழத்துப்போன ஸ்டியரிங் இன்னொரு பாடம் தரும். பிரேக் பெடலின் தேய்ந்த ரப்பர் மூன்றாவது பாடம் தரும். இவற்றுள் எது அதிகமோ அதுவே மூலபாடம் என்பது பதிப்பு விதி.

காலக்கணிப்புக்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் பிறந்த டயர். கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் உற்பத்தி ஆண்டுக்கான குறி இருக்கும். மற்றவை எல்லாம் 2014, பின்கதவுக் கண்ணாடி மட்டும் 2019 என்றால் அது இடைச்செருகல். அந்தப் பக்கம் யாரோ இடித்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்க்க. அடியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் அது டெல்லி வண்டியே அன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாமிலோ நம்மூரிலேயே நீராடியது.

ஒரு புரோக்கர் "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்பார். இரண்டாமவர் அவரைக் காட்டிச் சொல்வார். மூன்றாமவர் இருவரையும் சான்றாக வைப்பார். மூவரில் ஒருவரும் போனட்டைத் திறந்திருக்க மாட்டார். இதைக் கடிவது நியாயமன்று. மூலத்தின் பக்கமே போகாமல் அடிக்குறிப்பிலிருந்து அடிக்குறிப்பு எடுத்தே துறைத்தலைவர் ஆனோர் உள்ள நாட்டில் புரோக்கர் என்ன பாவம் செய்தார்?

4. அமர்தல்

இனி நூலின் உயிர்நிலை. சொகுசு எஸ்யூவி பலவற்றில் கம்பிச் சுருள் ஸ்பிரிங் இல்லை. அதனிடத்தில் காற்றடைத்த ரப்பர் பை. பைக்குக் காற்றூட்ட ஒரு கம்ப்ரஸர், காற்றைப் பங்கிட வால்வு, உயரம் பார்க்க சென்ஸார். ரேஞ்ச் ரோவர் 1990களின் தொடக்கத்திலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. ரப்பருக்கு வயதானால் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழும். இரவெல்லாம் காற்று கசியும். விடியும்போது வண்டியின் ஒரு மூலை தாழ்ந்து, வீல் ஆர்ச்சுக்குள் டயர் பாதி மறைந்திருக்கும்.

இதைக் கண்டறிபவர் ஓனர் அல்லர். "சார், வண்டி உக்காந்துடுச்சு" என்று இன்டர்காமில் சொல்லும் வாட்ச்மேனே இத்துறையின் முன்னோடி. (வாட்ச்மேன் உரை, பால்பாக்கெட் படலம், அதிகாலைக் கூற்று.)

எந்த மூலை உட்கார்ந்தது என்பதே அடுத்த வினா. ரைட் என்கிறார் ஓனர். அவர் போனட்டைப் பார்த்து நிற்கிறார். வண்டிக்கு அது லெஃப்ட். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் போனில் கேட்கிறார்: "யாருக்கு ரைட்?" இவ்விடத்தில் ஆய்வுலகம் பிளந்தது. பார்ப்பவனை ஒட்டியே பக்கம் என்பர் நோக்குநிலையினர். வண்டிக்கென்று ஒரு பக்கம் பார்ப்பவனுக்கு முன்பே உண்டு என்பர் வண்டிநிலையினர். வண்டியை ரிவர்ஸில் விட்டால் இருசாராரும் என் செய்வர் என்று கேட்டு மூன்றாம் சாரார் ஒரு கருத்தரங்கம் கூட்டினர். மதிய உணவுக்குப்பின் அவையில் எவரும் இல்லாததால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேறு பக்கத்துக்கு வாங்கிய ஏர் ஸ்பிரிங்கைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதில் மட்டும் எல்லாரும் உடன்பட்டனர்.

இந்தச் சிக்கலை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே தீர்த்தார்: "கிளீனர் சைடு ஃப்ரண்ட்டு." லாரியில் கிளீனர் உட்காரும் பக்கம், யார் எங்கே நின்று பார்த்தாலும் மாறாது. ஜெர்மனியில் வரைந்த வண்டியில் கிளீனருக்கு இடம் வைக்கவில்லை; ஆயினும் பார்ட் சரியாக வந்து சேர்ந்தது. (மெக்கானிக் மாலை, கிரீஸ் காண்டம், வேஸ்ட் துணிச் சருக்கம், இரண்டாம் டீக்கு முந்தைய பகுதி. ஒரே பிரதி மேற்படியார் வாயில் உள்ளது. பான்பராக் அடக்கியிருக்கும் வேளையில் பாடம் தெளிவில்லை.)

கசியும் இடம் காண அவர் ஷாம்பு கலந்த தண்ணீரைப் பை முழுக்கத் தெளித்துவிட்டு டார்ச் அடித்துக் காத்திருப்பார். மடிப்பிலிருந்து கடுகளவில் நுரைக்குமிழி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். தலையை ஒருமுறை ஆட்டுவார். விலை அந்த ஆட்டலில் உள்ளது. சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், போன காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். பைக்குக் கணக்குப் பார்த்தவர் பையும் கம்ப்ரஸரும் சேர்த்து வாங்குவார்.

மாற்றுவதிலும் மூன்று பள்ளிகள். கம்பெனிப் பாகமே வேண்டும் என்போர் மூலவாதிகள். சீன நகல் போதும் என்போர் பிரதிவாதிகள். பையைப் பிடுங்கிவிட்டுச் சாதா காயில் ஸ்பிரிங் போடு என்போர் காயில்வாதிகள்; இவர்கள் வண்டி பிறகு உட்காராது, உள்ளே இருப்பவர் குதிப்பார். உ.வே.சா. ஏட்டுக்கு ஊர் ஊராக அலைந்ததுபோல் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைந்து, அடிபட்ட வண்டியில் கழற்றிய நல்ல பையைத் தேடும் நான்காம் குழுவும் உண்டு. அவர்கள் பதிப்பு இன்னும் வெளிவரவில்லை.

இவை அனைத்துக்கும் மச்சான் பேருரையில் ஒரே நூற்பா உள்ளது. (மச்சான் பேருரை, பிற்சேர்க்கை, "நான் அப்பவே சொன்னேன்" எனத் தொடங்குவது. சம்பவம் நடந்தபின் இயற்றப்பட்டு முன்தேதி இடப்படுவது இதன் மரபு. தங்கை பாடத்தில் "நாங்க" எனப் பன்மை காணப்படும்.)

5. சில்லறைத் துறைகள்

டிபிஎஃப்: டீசல் புகைக்கரியைப் பிடித்து வைத்து, நல்ல சூட்டில் எரித்துத் தன்னையே சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டி. அந்தச் சூடு ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் ஏறும். அண்ணா நகரிலிருந்து பிள்ளையை ஸ்கூலில் விட்டுத் திரும்பினால் ஏறாது. ஆகவே இத்தகைய வண்டி வைத்திருப்போர் வாரம் ஒருமுறை காரணமின்றிக் கிருஷ்ணகிரி போய்வருவர்.

பேட்டரி: புதிதாகப் போட்டால் மட்டும் போதாது, வண்டியின் கம்ப்யூட்டருக்கு முறைப்படி அறிமுகமும் செய்ய வேண்டும். அறிமுகக் கட்டணம் தனி.

சன்ரூஃப்: வேப்பிலை அடைத்தால் ஒழுகும்.

கப் ஹோல்டர்: குறை ஒன்றும் இல்லை.

6. உரிப்பொருள்

உரிப்பொருள் இரங்கல். அதன் காரணம் வருமாறு. வண்டி கிழமாகும், அதன் உதிரி என்றும் பதினாறு. காரின் விலை ஆண்டுதோறும் சரியும். ஹெட்லைட்டின் விலையோ ஏர் ஸ்பிரிங்கின் விலையோ சரிவதில்லை. பதினெட்டு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கும் பில் வருவது எழுபது லட்சத்து வண்டிக்குத்தான். இடையே குறைந்த ஐம்பத்திரண்டு லட்சம் வாங்கியவரின் சாமர்த்தியம் அன்று. அதில் ஒரு பங்கு முன்னவர் ஓட்டித் தீர்த்தது. மறுபங்கு அவர் செய்யாமல் தப்பித்த செலவு.

முடிபு: வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடிந்தவர் வாங்குக. இயலாதவர் டெஸ்ட் டிரைவோடு நிறுத்துக. அதில் சொகுசு முழுதும் உண்டு, செலவு இல்லை.

இவ்வாராய்ச்சியை நண்பர் அவையில் அரங்கேற்றியபோது ஆறு பகுதிகளும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன. ஒருவர் மட்டும் கடைசிவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்துவிட்டு ஐயம் ஒன்று எழுப்பினார்:

"எல்லாம் சரிண்ணே. அந்த டெல்லி வண்டி ஒயிட்ல கிடைக்குமா?"